தரங்கம்பாடியின் இரவு வண்டு



பிறந்த மண்ணை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் தமிழர் இருவர் முதன்முறை சந்திக்கும்பொழுது, பெயரைக் கேட்பதற்கு முன்பே ஊரைக் கேட்பது வழக்கம். "தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்ற வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே மற்றப் பேச்சுகள் தொடங்கும். இந்த வினாவை ஒரு வண்டினிடம் கேட்க முடியுமானால், அது "தரங்கம்பாடி" என்று விடை கூறக்கூடும். ஏனெனில், உலகெங்கும் உள்ள விஞ்ஞானிகள் அதற்குப் பொதுவாக வழங்கும் இலத்தீன் பெயர் 'ஸைலோகோபா ட்ரான்க்விபாரிகா' என்பதாகும். முதற்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. மரம் வெட்டுவது என்று பொருள்படும். இரண்டாம் சொல், 'தரங்கம்பாடிக்கு உரியது' என்பதன் இலத்தீன் வடிவம். சோழநாட்டுக் கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரை 200 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வரும் அவ்வண்டின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

அதன் இனத்தாரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தஞ்சை மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடுகளில் கைமரங்களிலும் உத்தரங்களிலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமான துளைகள் காணப்படும். கருவி கொண்டு குடைந்தது போன்ற அத்துளைகளிலிருந்து மரத்தூள் உதிரும். திண்ணையைப் பெருக்கும் பாட்டிமார், "மறுபடியும் வந்துவிட்டது, பார்" என்று அண்ணாந்து பார்த்துக் கடிந்துகொள்வதை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். பருத்துக் கறுத்த உடல், வெயிலில் நீலமும் ஊதாவுமாக மின்னும் இறக்கை, தம்பூராச் சுருதி போன்ற ரீங்காரம் ஆகியவை அதன் அடையாளங்கள். நாம் அதை வண்டு என்று வழங்கினாலும், ஓடு போன்ற மேலிறக்கையுடைய பொறிவண்டு முதலியவற்றோடு அது சேராது. தேனீக்குத்தான் நெருங்கிய உறவு. ஆகவே பூச்சியியலார் அதைத் தச்சுத் தேனீ என்பர்.

நீங்கள் குடியேறியிருக்கும் ஊர்களிலும் அதற்குப் பெயர் உண்டு. மராத்தியர் 'புங்கா' என்பர், ஹிந்தி பேசுவோர் 'பௌரா' என்பர், வங்கத்தில் 'போம்ரா'. தெலுங்கர் 'தும்மெத' என்றும், கன்னடர் 'தும்பி' என்றும் அழைப்பர். இந்தக் கன்னடச் சொல்லைக் கேட்கும் தமிழர் சற்று நின்று கவனிக்க வேண்டும். சங்கப் புலவர்கள் வண்டு, சுரும்பு, ஞிமிறு என்ற சொற்களோடு தும்பி என்பதையும் மலரில் தேனுண்ணும் உயிருக்கே வழங்கினர். இன்று தமிழ்நாட்டின் பல இடங்களிலும், கேரளத்திலும், தும்பி என்றால் தட்டான் பூச்சி. பழைய பொருளைக் கன்னடர் காத்து வைத்திருக்கின்றனர். பெங்களூரில் வாழும் தமிழர் தம் வீட்டுத் தோட்டத்துக் கருவண்டைக் காட்டி அயலாரிடம் பெயர் கேட்டால், நம்முடைய பழஞ்சொல்லே அவர் வாயிலிருந்து வரும்.

தச்சுத் தேனீ மரத்தைத் தின்பதில்லை, குடையத்தான் செய்கிறது. உலர்ந்த மரத்திலோ, மூங்கிலிலோ, காய்ந்த கிளையிலோ பெண் தேனீ தன் தாடைகளால் சுரங்கம் அமைக்கும். அதன் கோடியில் மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரேயொரு முட்டை இடும். பின்பு குடைந்தெடுத்த மரத்தூளையே குழைத்துச் சுவர் எழுப்பி அவ்வறையை மூடிவிடும். அடுத்த அறையைத் தொடங்கும். முட்டையோ பூச்சி உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. நூற்றுக்கணக்கில் இட்டுவிட்டுப் போகும் பூச்சிகளுக்கிடையே, இது சிலவற்றை மட்டும் இட்டு, ஒவ்வொன்றுக்கும் உணவும் அறையும் ஏற்பாடு செய்துவிடுகிறது. கொட்டும் ஆற்றல் பெண்ணுக்கு மட்டுமே உண்டு. முகத்துக்கு நேரே வந்து மிரட்டி நிற்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே இல்லை. இந்தக் குடைவேலையை ஐரோப்பாவில் முதலில் நுணுகி ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் ரேயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர். பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெருநூலின் ஆறாம் தொகுதி 1742-ல் வெளிவந்தது.

நம் நாட்டிலும் வண்டின் குடையும் ஆற்றலை அறிந்திருந்தனர். கர்ணன் தொடையில் இந்திரன் வண்டாக வந்து துளைத்தான் என்று நம் ஊர்க் கதை சொல்வோர் கூறுவர்; வியாசர் பாரதத்தில் அது எட்டுக் கால்களுடைய ஒரு புழு. புழு வண்டானதற்கு நம்மவர் வீட்டு உத்தரங்களே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வடமொழிக் கவிகள் விரும்பிக் கையாண்ட மற்றொரு கற்பனையும் உண்டு. கட்டையையே துளைக்க வல்ல வண்டு, அந்தியில் இதழ் குவியும் தாமரைக்குள் அகப்பட்டு, அன்பினால் இதழைத் துளைக்க மனமின்றி விடியும்வரை சிறையிருக்குமாம். இதில் அடங்கியிருக்கும் ஒரு கருத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டு பகலுக்கு உரியது, இரவு வந்தால் அதன் தொழில் நின்றுவிடும் என்பதே அக்கருத்து. கவிகள் மட்டுமன்றி விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர்.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம்.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் அவ்வூரில் கடலோரத்தில் நிற்கிறது. அதன் பெரும் பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. அக்காலத்தில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. பிற்காலத்தில் அது தரங்கம்பாடியாயிற்று. 1620-ல் ஓவே யெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர், தஞ்சை இரகுநாத நாயக்க மன்னரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார். அவர்கள் நாவில் ஊர் 'ட்ராங்கபார்' ஆயிற்று. 1706-ல் சீகன்பால்கும் புளூட்சோவும் வந்திறங்கினர். அங்கு நிறுவப்பட்ட அச்சகத்தில் 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இவ்வளவும் பலர் அறிந்த வரலாறு.

பலர் அறியாதது, அதே ஊர் இந்தியாவின் இயற்கை ஆராய்ச்சிக்கு ஒரு முதற்களமாக இருந்தது என்பதாகும். 1768-ல் கோனிக் என்ற மருத்துவர் தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் செடிகொடிகளுக்கும் பிராணிகளுக்கும் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் நேர் மாணவர். தாவரங்களைத் தேடித் தென்னாட்டில் அலைந்ததோடு, தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779-ல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். அவருக்குப் பின் ஜான், ரோட்லர் ஆகிய பாதிரிமார்களும், கிளைன் என்ற மருத்துவரும் அப்பணியைத் தொடர்ந்தனர். ஜான் சங்கும் கிளிஞ்சலும் பாம்பும் சேர்த்தார். மண்ணுளிப் பாம்பு ஒன்று இன்றும் விஞ்ஞானத்தில் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ரோட்லர் செடிகளைச் சேர்த்ததோடு தமிழ் அகராதியும் தொகுத்தார்.

இவர்களோடு டால்டார்ப் என்ற டேனிஷ் படை அதிகாரியையும் சேர்க்க வேண்டும். 1791-ல் தரங்கம்பாடியில், மழைநீர் வழியும் ஒரு பனையின் அடிமரத்தில் மீன் ஒன்று ஏறிக்கொண்டிருப்பதைத் தாம் கையால் பிடித்ததாக அவர் எழுதினார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கம் அதை அச்சிட்டபொழுது, பலர் அதைக் கட்டுக்கதையென்று நகைத்தனர். பனையேறிக் கெண்டை என்று அம்மீனுக்குத் தமிழில் பெயரே இருக்கிறது என்பதை நகைத்தவர்கள் அறியார்.

இத்தகைய ஊரிலிருந்து சாராயக் குப்பிகளிலும், தக்கையில் குத்திய ஊசிகளிலும் அடைபட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலேறிக் கோபன்ஹேகனைச் சேர்ந்த பூச்சிகள் எண்ணற்றவை. அவற்றைப் பிடித்துக் கொடுத்த கைகளுள் பல, தமிழ்ச் சிறுவர்களின் கைகளாகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஈரமான தோட்டத்து மூலையில் எந்தப் பூச்சி எப்பொழுது வரும் என்பதைப் புதிதாக வந்த அயல்நாட்டாரைவிட அவர்களே நன்கு அறிந்திருப்பர்.

அங்கே அப்பூச்சிகளுக்குப் பெயர் வைக்கக் காத்திருந்தவர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ். இவரும் லின்னேயஸின் மாணவரே. 1745-ல் பிறந்து, 1775 முதல் கீல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அந்நகர் அப்பொழுது டேனிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆசிரியர் பூச்சிகளை இறக்கையின் அமைப்பைக் கொண்டு வகுத்தார். மாணவரோ வாயின் அமைப்பைக் கொண்டு வகுத்தார். ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்கு அவர் பெயரிட்டார் என்பர். இத்துணைப் பெயர்களுக்கு ஒருவர் எங்கே போவார்? பூச்சி வந்த ஊரின் பெயரையே இடுவது எளிய வழி. 1804-ல் வெளிவந்த அவருடைய 'சிஸ்டமா பியெஸாடோரம்' என்ற நூலில், தேனீக்களுக்கும் குளவிகளுக்குமிடையே, தரங்கம்பாடியின் பெயர் பெற்ற வண்டும் இடம்பெற்றது. அதே 1804-ல், ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ஹெர்மான் என்ற அறிஞர் மறைந்தபின் அச்சான நூலில், செந்நிறமுள்ள சிறு புறா ஒன்றும் தரங்கம்பாடியின் பெயர் பெற்றது. ஒரே ஆண்டில் ஒரு சிற்றூருக்கு இரண்டு சிறகுகள்!

ஃபாப்ரீசியஸ் அந்த வண்டைச் சேர்த்த பேரினம் பின்னர் மாறிற்று. அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 1802-ல், லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் மரங்குடையும் தேனீக்களுக்கென்று 'ஸைலோகோபா' என்ற தனிப் பேரினத்தை வகுத்திருந்தார். இந்த லத்ரேய் பாதிரியாராக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைப்பட்டு மரணத்தை எதிர்நோக்கியிருக்கையில், சிறையின் தரையில் அரிய வண்டு ஒன்றைக் கண்டு அவர் ஆராய, அச்செய்தி வெளியே பரவி, அதுவே அவருடைய விடுதலைக்கு வழி செய்தது. தரங்கம்பாடி வண்டு இப்பேரினத்திலே வந்து சேர்ந்தது. குலப்பெயர் மாறினும் ஊர்ப்பெயர் மாறவில்லை.

பின்னர் அரசியல் மாறியது. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும், வங்கத்தில் தனக்கிருந்த செராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. துறைமுகத்தின் சிறப்பு மங்கிற்று. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைதியாகக் கிடக்கும் அவ்வூரின் பெயர், உலகத்துப் பூச்சிச் சாலைகளின் இழுப்பறைகளில் மட்டும் நாள்தோறும் படிக்கப்படுகிறது.

அந்த இழுப்பறையைத் திறந்து வண்டை உற்றுநோக்குவோம். ஏறத்தாழ ஓர் அங்குல நீளம். மற்றத் தச்சுத் தேனீக்களைப் போல் பளபளக்கும் கருமை அதற்கில்லை. செம்பழுப்பான மயிர் உடலைப் போர்த்தியிருக்கிறது. துருப்பிடித்த இரும்பின் நிறம் என்றால் பொருந்தும். தலையின் இருபுறமும் பெரிய கூட்டுக்கண்கள். அவற்றுக்கிடையே, நெற்றியின் மேல் முக்கோணமாக மூன்று சிறு தனிக்கண்கள். தேனீக்கள் எல்லாவற்றுக்கும் இம்மூன்றும் உண்டு. ஆனால் அவை குண்டூசி முனைபோல் சிறுத்திருக்கும். இந்த வண்டுக்கோ அவை பளிங்கு மணிகள் பதித்தாற்போல் பருத்துப் புடைத்திருக்கின்றன.

இதுவே விடுகதையின் விடை. ஊசியில் குத்தப்பட்ட அந்த உடலிலேயே அது முழுவதும் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் செத்த பூச்சியின் வடிவத்தை அளந்து எழுதுவதே அக்காலத்துப் பூச்சியியலின் வேலை. அது எப்பொழுது பறக்கும், எதை உண்ணும், எப்படி வாழும் என்ற வினாக்கள் கீலில் இருந்த மேசைக்கு வந்து சேரவில்லை. தரங்கம்பாடியில் அதைப் பிடித்துக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கலாம். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் இல்லை.

குழப்பம் இன்னும் கூடியது. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் பணிபுரிந்த பிரெடரிக் ஸ்மித், தச்சுத் தேனீக்களைப் பற்றி 1874-ல் விரிவான ஆய்வொன்று வெளியிட்டபொழுது, கிழக்கேயிருந்து வந்த இதே செம்பழுப்பு வண்டுக்கு, 'சிவந்தது' என்ற பொருளில் 'ரூபெஸென்ஸ்' என்று வேறொரு பெயர் கொடுத்தார். ஒரே உயிருக்கு இரண்டு பெயர்கள் வழங்கலாயின. முந்திய பெயரே செல்லும் என்பது விஞ்ஞானத்தின் விதி; ஆகவே முடிவில் ஊர்ப்பெயர் வென்றது. ஆனால் அதற்குள், அவ்வண்டைப் பற்றிய முக்கியமான செய்தி பிந்திய பெயரின் கீழ் பதிவாகிவிட்டது.

அச்செய்தியைத் தந்தவர் சார்லஸ் தாமஸ் பிங்கம். படை அதிகாரியாக இருந்து, பிறகு பர்மாவின் காட்டிலாகாவில் பணியாற்றியவர். காட்டில் கூடாரம் அடித்துத் தங்குபவருக்கு, நகரத்து மியூஸியத்தில் உள்ளவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கும், அது இரவு. நிலவெரிக்கும் இரவுகளில் இவ்வண்டின் உரத்த ரீங்காரம் கேட்பதைப் பிங்கம் கவனித்தார். இந்தியாவின் பிராணிகளைப் பற்றிய பெருவரிசையில் குளவிகளையும் தேனீக்களையும் குறித்து அவர் எழுதிய தொகுதி 1897-ல் வெளிவந்தது; அதில், இந்த வண்டு இரவில் பறப்பது என்று எழுதி வைத்தார். பெயர் பெற்று 93 ஆண்டுகள் கழித்து அதன் வாழ்க்கையைப் பற்றி ஒரு வரி கிடைத்தது. 1929-ல் காக்கரெல் என்ற அறிஞர் இதனையும் இதன் உறவுகளையும் தனிப்பிரிவாக்கி, இரவுத் தேனீ என்ற பொருள்பட 'நிக்டோமெலிட்டா' என்று பெயரிட்டார்.

இரவில் பறப்பதில் என்ன வியப்பு, விட்டில் பறக்கவில்லையா என்று கேட்கலாம். விட்டிலின் கண் வேறு, தேனீயின் கண் வேறு. இரண்டும் கூட்டுக்கண்களே, ஆயிரக்கணக்கான நுண்ணிய கண்ணறைகள் சேர்ந்தவை. இரவில் பறக்கும் விட்டிலின் கண்ணில் அக்கம்பக்கத்து வில்லைகள் பல சேர்ந்து ஒளியைத் திரட்டி ஓரிடத்தில் குவிக்கும். தேனீயின் கண்ணிலோ ஒவ்வொரு வில்லையும் தன் கீழேயுள்ள அறைக்கு மட்டுமே ஒளி தரும். அண்டைவீட்டுக்குக் கடன் கொடுக்காது. பட்டப்பகலுக்கு ஏற்ற ஏற்பாடு அது. மலைத்தேனீ நிலவொளியில் இரை தேடுவதுண்டு. அமாவாசையில் அதுவும் அடங்கிவிடும். ஆகவே, பகலுக்கென்று அமைந்த கண்ணை வைத்துக்கொண்டு இருட்டில் ஒரு தேனீ எவ்வாறு மலரைக் கண்டு, திரும்பித் தன் துளையைக் கண்டுபிடிக்கிறது என்பது உண்மையிலேயே கடினமான வினா.

அதற்கு விடை கிடைத்த இடம் தரங்கம்பாடியும் அன்று, பர்மாவும் அன்று. மகாராஷ்டிரத்தில் பூனாவுக்கு வடக்கே சஹ்யாத்ரி மலைமீதுள்ள பீமாசங்கரத்தில்தான் அது தெளிவாயிற்று. மும்பை, பூனா வாழ் தமிழர் பலர் அங்குச் சென்றிருப்பீர்கள். பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்று. பீமா நதி தோன்றுமிடம். கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் மலையணில் மரத்துக்கு மரம் தாவுவதையும் கண்டிருப்பீர்கள். அக்காட்டில் ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ் என்ற இந்திய விஞ்ஞானிகள் இருவர் இரவு விழித்துத் தச்சுத் தேனீக்களை ஆராய்ந்தனர். மராத்தியர் 'வாரஸ்' என்றழைக்கும் மரத்தின் மலர்களில் இரவு நேரத்திலும் தச்சுத் தேனீயால் மகரந்தச் சேர்க்கை நடைபெறுவதை அவர்கள் 2001-ல் வெளியிட்டனர். அந்தத் தேனீ தரங்கம்பாடி வண்டு அன்று. 'டெனுயிஸ்காபா' என்ற மற்றொரு பெரிய இனம். பின்னர் ஸ்வீடனிலுள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் வாரண்ட், ஆல்முட் கெல்பர் ஆகிய கண் ஆராய்ச்சியாளர்களும் அவர்களோடு சேர்ந்தனர்.

2008-ல் முடிவுகள் வெளிவந்தன. ஒரே காட்டில் மூன்று தச்சுத் தேனீக்கள் ஒரு நாளை மூன்று விதமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. 'லூகோதோராக்ஸ்' என்ற இனம் பகலில் மட்டும் பறக்கிறது. டெனுயிஸ்காபா பகலிலும் அந்தி வெளிச்சத்திலும் பறக்கிறது. நிலா இருந்தால் இரவிலும் வெளியே வரும். தரங்கம்பாடி வண்டோ பகலில் கூட்டை விட்டு வருவதே இல்லை. இரவில் மட்டும் வருகிறது. நிலவு வேண்டுமென்பதில்லை, அமாவாசை இருட்டிலும் பறக்கிறது. தச்சுத் தேனீக்களில் முழுக்க இரவுக்கே உரியதென்று உறுதியாக அறியப்பட்டது இது ஒன்றே.

அடுத்து நிறத்தைப் பற்றிய சோதனை. நிலவொளியிலேயே நமக்குச் சிவப்பும் பச்சையும் பேதமின்றிச் சாம்பலாகிவிடும். நட்சத்திர வெளிச்சத்தில் கேட்கவே வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் வண்டின் கூட்டுவாயிலருகே நிறம் தீட்டிய அடையாளங்களை வைத்து அதைப் பழக்கினர். பின்னர் அவற்றை இடம் மாற்றி, வேறு சாயல்களோடும் வைத்துப் பார்த்தனர். நட்சத்திர ஒளியில் திரும்பி வந்த வண்டு, தனக்குப் பழக்கமான நிறத்தை நாடியே சென்றது. பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களுக்கு நிறம் தெரியாத இருட்டில், அதற்குத் தெரிந்தது. கண்களை அறுத்து நுண்பெருக்கியில் ஆராய்ந்தபொழுது காரணம் விளங்கிற்று. அமைப்பு பகல் தேனீயின் அமைப்பேதான். ஆனால் வில்லை ஒவ்வொன்றும் அகன்றிருந்தது. ஒளியை வாங்கும் உட்பகுதியும் பருத்திருந்தது. நெற்றித் தனிக்கண்களின் பெருமையும் அப்பொழுதுதான் பொருள்பட்டது. 1804-லிருந்து இழுப்பறையில் கிடந்த உடலில் யாரும் படிக்காமல் விட்ட எழுத்தைப் படிக்க 204 ஆண்டுகள் பிடித்தன.

இனி இந்த வண்டின் வாழ்விடத்தைச் சொல்ல வேண்டும். இலத்தீன் பெயரை மட்டும் நம்புகிறவர், இது தரங்கம்பாடிக்கே சொந்தம் என்று எண்ணிவிடுவார். உண்மை அவ்வாறில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்து பர்மா, தாய்லாந்து, மலாய் தீபகற்பம் வரை அது பரவியிருக்கிறது. தாய்லாந்தில் அது சேர்க்கும் மகரந்தங்களைக் குறித்து 2005-ல் ஆராய்ச்சி வெளிவந்துள்ளது. பெயர் குறிப்பது அது பிறந்த இடத்தை அன்று, கப்பலேறிய துறைமுகத்தை. நம்மவர்களிலும் பலர் இப்படித்தானே பிறர் பார்வையில் 'மதராஸி' ஆனோம்! திருநெல்வேலிக்காரரும் சேலத்துக்காரரும் இரயிலேறிய நிலையத்தின் பெயரால் அழைக்கப்பட்டனர்.

இனங்களின் பரப்பும் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. வெப்பநாடுகளே தச்சுத் தேனீக்களின் தாயகம். குளிர்நாடுகளில் சில இனங்களே உண்டு. காஷ்மீரத்தில் வாழ்வோர் காணும் ஊதா இறக்கை வண்டு, லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட 'வயலேஸியா'. அது ஐரோப்பா வரை செல்வது. வங்கத்திலும் அஸ்ஸாமிலும் வாழ்வோர், முன்னங்கால் அகன்ற 'லாடிபெஸ்' என்ற பேருருவ வண்டைக் காணலாம். அது அங்கிருந்து தென்கிழக்காசியா முழுவதும் பரவியுள்ளது. இவையெல்லாம் பகலில் வருவன. நம் வண்டை மட்டும் தேடிப் போகவேண்டும்.

தேடும்போது அதற்கு வேண்டிய பொருள் எது என்பதை மறந்துவிடலாகாது. காய்ந்த மரமே அதன் வீடு. பட்டுப்போன மரத்தை உடனே வெட்டி எரிப்பதும், காட்டில் விழுந்த கிளையையெல்லாம் கூட்டிச் செல்வதும் நமக்குத் தூய்மையாகத் தோன்றும். தச்சுத் தேனீக்கு அது குடியிருப்பை இடிப்பதாகும். ஓட்டு வீடுகள் போய்க் கான்கிரீட்டு வீடுகள் வந்தபின், அதன் பகல் உறவினருக்கும் உத்தரம் கிடைப்பதில்லை. பாட்டிமார் கடிந்துகொண்ட அந்த வண்டுகள்தாம் எருக்கிலும் ஆவாரையிலும் சணப்பிலும் மகரந்தம் சேர்த்தன. கத்தரிப் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதும் அவையே. பலகணிச் சட்டத்தில் ஒரு துளை கண்டவுடன் மண்ணெண்ணெய் ஊற்ற ஓடுகிறவர், அருகில் ஒரு மூங்கில் துண்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம்.

மழை ஓய்ந்த மாதங்களில் பீமாசங்கரத்துக்குச் செல்லும் நேயர்கள், தரிசனம் முடிந்ததும் பேருந்துக்கு ஓடாமல் ஓர் இரவு தங்கிப் பாருங்கள். நிலவில்லாத இரவாயின் இன்னும் நல்லது. கடைகளின் விளக்கொளி படாத காட்டோரமாக, பழக்கமான ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பூத்திருக்கும் மரம் ஒன்றின் அடியில் கைவிளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தலைக்குமேல் தம்பூராச் சுருதி போன்ற ஓர் ஒலி மலருக்கு மலர் நின்று நின்று நகர்வது கேட்கும். விளக்கை ஏற்றிவிடாதீர்கள், அது பார்த்துக்கொண்டிருக்கிறது.